சூரியன் மேற்கே உதித்த பள்ளிக்கூடம்

பாடப் புத்தகங்களை மனிதர்கள்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்கு இருபத்து மூன்று வயது வரை தெரியாது. இடி, மழை, மின்வெட்டு மாதிரி அதுவும் எங்கிருந்தோ தானாக வந்து தலையில் விழுகிற ஒன்று என்று நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு அதற்கும் எனக்கும் இருந்த உறவு முறிந்துவிட்டது. அதனால்தான், தொண்ணூற்று எட்டாம் வருஷம் ஆவணி மாதம் எங்கள் கடை வாசலில் எட்வின் சார் ஓர் அமெரிக்க அம்மாளைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஜாபர் தம்பி, அந்த சயின்ஸ் புத்தகத்தை எழுதுனது இவங்கதான்" என்றபோது எனக்கு முதலில் மரியாதை வரவில்லை. ரொம்ப நாளாகத் தேடிய ஆள் கையில் சிக்கிய சந்தோஷம்தான் வந்தது.

"இவங்களா? தனியாத்தான் மாட்டுனாங்களா, இல்ல கூட்டாளிங்களும் இருக்காங்களா சார்?"

எட்வின் சார் நல்லவர். ஆனால் வேடிக்கைப் பேச்சு எது, நிஜப் பேச்சு எது என்று பிரிக்கத் தெரியாதவர். அப்படியே இங்கிலீஷில் மொழிபெயர்த்துவிட்டார். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னதை சார் எனக்குத் தமிழில் திருப்பினார்: "கூட்டாளிகள் எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்களாம். மிச்சம் இவங்கதானாம். அடிக்கிறதா இருந்தா சீக்கிரம் அடிச்சிருன்னு சொல்லுதாங்க."

அந்த நிமிஷம், அவர்களை மலைமேல் சாரின் ஊருக்குக் கொண்டுபோக ஜீப்பை எடுக்க ஒத்துக்கொண்டேன்.

எங்கள் கடை மலைக்குக் கீழே. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் மேலே போகும். மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி கீழே வரும். அத்தா கல்லாவில் உட்கார்ந்திருப்பார், நான் ஜீப் ஓட்டுவேன். எட்வின் சாருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மேலே கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் ஒரு சின்ன ஊரில் அரசுப் பள்ளிக்கூட வாத்தியார். வாரத்துக்கு ஒரு தடவை சாமான் வாங்க இறங்குவார், என்னோடு ஏறுவார். அப்படிப் பழக்கம்.

அந்த அமெரிக்க அம்மாள் பெயர் டோரா. டோரா அம்மாவை அவர் பிடித்த கதை இதுதான். ஏதோ ஒரு தர்ம சங்கம் அமெரிக்கப் பள்ளி அறிவியல் புத்தகம் ஒன்றைத் தமிழில் அச்சடித்து மலைப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. அதில் ஒரு பாடம். தரையில் ஒரு குச்சியை நடு. நண்பகலில் அதன் நிழல் வடக்கே விழும். நிழலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் கிழக்கு, இடக்கைப் பக்கம் மேற்கு. எட்வின் சார் சம்பளம் வாங்கப் போகிற நாளில் பிள்ளைகளிடம் இந்தப் பாடத்தைச் செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனி மாசம். பிள்ளைகள் குச்சி நட்டார்கள், நிழலைப் பார்த்தார்கள், புத்தகம் சொன்னபடி வலக்கை இடக்கை நீட்டினார்கள். பரீட்சையில் வகுப்பு முழுக்க ஒரே பதில்: எங்கள் ஊரில் சூரியன் மேற்கே உதிக்கும்.

சார் முதலில் எல்லோருக்கும் முட்டை போட்டார். பிறகு சந்தேகம் வந்து தானே குச்சி நட்டுப் பார்த்தார். நிழல் தெற்கே விழுந்தது. ஆனி ஆடியில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. நிழல் தெற்கேதான் விழும். அமெரிக்காவில் அது நடக்காது. அங்கே வருஷம் முழுக்க நிழல் வடக்குத்தான். எழுதினவர் அங்கே உட்கார்ந்து எழுதினார்.

கீழே ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்கு அந்த அம்மாளே வந்திருந்தார். சார் இதை ஒரு தமாஷாக எழுந்து சொன்னார். மண்டபமே சிரித்ததாம். அவர் மட்டும் சிரிக்கவில்லையாம். "எனக்கு அந்த ஊரைக் காட்டுங்கள்" என்று கேட்டாராம்.

விஷயம் அதோடு முடியவில்லை. அவர் புத்தகம் புதிதாக அச்சாகப் போகிறது. அந்தப் பாடத்தைத் திருத்த வேண்டும். அவரிடம் ஒரு பிடிவாதம்: தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்க்காத எதையும் புத்தகத்தில் எழுதமாட்டார். நம் ஊர்ப் பக்கம் வருஷத்தில் இரண்டு தடவை, சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும்போது, குச்சிக்கு நிழலே இருக்காதாம். அட்லஸை வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டதில் அந்த நாள் இந்த வாரம்தான். பார்த்தால் பாடத்தைத் திருத்தி எழுதுவார். பார்க்க முடியாவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவார். மூன்றாம் நாள் சாயந்திரம் சேலத்தில் ரயில். எழுபத்தைந்து வயசு. இன்னொரு தடவை வர மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், பார்க்கிற எங்களுக்கும் தெரியும்.

முதல் நாளே பார்த்துவிடலாம் என்று காலையில் கிளம்பினோம். என் ஜீப்புக்கு அந்தத் திட்டம் பிடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியதும் ரேடியேட்டர் கொதித்து, பிரியாணி தம் உடைத்த மாதிரி ஆவி வந்தது. பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழியில்லை. டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. ஜனம் முழுக்க இறங்கி வந்து சுற்றி நின்றது.

"ஏனுங்க பாய், வண்டிக்கு வயித்துவலிங்களா?"

"ஆமாங்க. உங்க பஸ்ஸ பின்னால பாத்ததும் பயத்துல வந்துருச்சு."

"வெள்ளக்கார அம்மாவ ஏத்தீட்டுப் போறீங்க, ஒரு நல்ல வண்டி கெடைக்கலீங்களா?"

டோரா அம்மா அதற்குள் இறங்கி, பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். என்னிடம் கையை நீட்டினார். துணி கேட்கிறார் என்று புரிய எனக்கு நேரம் ஆனது. துணியைச் சுற்றி, ஆவி அடங்கும் வரை பொறுத்து, மூடியைக் கால்வாசி திருகி, நிறுத்தி, மறுபடி திருகினார். பஸ் ஜனம் ஊற்றுத் தண்ணீரைச் சொம்பிலும் டிபன் பாக்ஸிலும் பிடித்து வரிசையாகக் கைமாற்றியது. நான் வெறுமனே நின்று பார்த்தேன். ஓனர் மாதிரி.

"அப்பாவுக்கு டிராக்டர் இருந்துச்சாம்" என்றார் எட்வின் சார். "பத்து வயசுல இவங்கதான் ஓட்டுவாங்களாம்."

நண்பகல் அந்த வளைவிலேயே போய்விட்டது. அவர் ரோட்டோரம் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தார். மேலே மரம் கவிந்து, ரோடு முழுக்க நிழல். நிழலுக்குள் நிழலை எப்படித் தேடுவது? குச்சியைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. கீழே எங்கள் ஊரில் உடம்பு முழுக்க வேர்த்து நனைந்த சட்டையோடு கிளம்பியவன், மேலே சாரின் கம்பளியைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டேன். டோரா அம்மா அரைக்கைச் சட்டையோடு நின்றார். அவர் ஊரில் ஆறு மாசம் பனி உறைந்து கிடக்குமாம்.

சாப்பாடு செல்லாயி அக்கா பொறுப்பு. பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமைப்பவர், சாரின் பக்கத்து வீடு. ஒரு கோழி பிடித்து வைத்திருந்தார். "பாய், நீங்களே அறுத்துக் குடுங்க. பொறவு தின்னமாட்டேன்னு சொல்லாதீங்க" என்றார். பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுத்தேன். கேழ்வரகுக் களி, மிளகு தூக்கலாகப் போட்ட கோழிக் குழம்பு. டோரா அம்மா களியைக் கேக் மாதிரி மென்று கொண்டிருந்தார். வாயைத் திறக்க முடியவில்லை.

"மெல்லக் கூடாது கண்ணு, முழுங்கோணும்!" என்று செல்லாயி அக்கா கத்தினார். எழுபத்தைந்து வயசுக் கண்ணு மிரண்டு பார்த்தது. அக்கா ஓர் உருண்டையைக் குழம்பில் புரட்டித் தன் வாயில் போட்டு, தொண்டையைக் காட்டி விழுங்கிக் காட்டினார். டோரா அம்மா அதையே செய்தார். அடுத்த உருண்டையை அவரே கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டபடியே அவர் கதையைச் சொன்னார், சார் திருப்பினார். நெப்ராஸ்கா என்று ஓர் இடம். ஒரு முட்டையை உருட்டிவிட்டால் அடுத்த ஊர் வரை போகும், அப்படிச் சமவெளி. பதினெட்டு வயசில் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர். எட்டு வகுப்பும் அதே அறையில், எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர்தான். பிள்ளைகள் குதிரையில் வருவார்கள்.

"குதிரையிலயா? நான் டயர் உருட்டீட்டுப் போவேன், அதுக்கே வாத்தியார் அடிப்பாரு" என்றேன்.

அரசாங்கம் அனுப்பிய புத்தகத்தில் முதல் பாடம் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குவது. அந்தப் பிள்ளைகள் குளத்தையே பார்த்ததில்லை. அதனால் அவரே பாடம் எழுத ஆரம்பித்திருக்கிறார். ராத்திரி சமையலறை மேஜையில் ஒவ்வொன்றையும் செய்து பார்ப்பது, காலையில் வகுப்பில் வைப்பது. விளங்காத முகம் ஒன்று தெரிந்தாலும் கிழித்துப் போடுவது. அப்படி முதன்முதலாக எழுதியது இந்தக் குச்சிப் பாடம். அங்கே குச்சிக்கும் நிழலுக்கும் காசு வேண்டாம். பிறகு அது புத்தகமாகி, பெரிய ஊர்களுக்குப் போய், நாற்பது வருஷம் கோடிக்கணக்கான பிள்ளைகள் குச்சி நட்டிருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நேரம் இருந்துச்சு, மேஜையில இடம் இல்ல" என்று சொன்னாராம்.

"இங்க அச்சடிக்கும்போது ஆப்பிளை மாம்பழமா மாத்துனாங்களாம். ஜானை ராஜூவா மாத்துனாங்களாம்" என்றார் சார். "எல்லாம் சரியா இருக்கான்னு இவங்களும் பாத்துக் கையெழுத்துப் போட்டாங்களாம். சூரியனை மாத்தணும்னு ஒருத்தருக்கும் தோணலையாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் களியோடு விழுங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் விடிந்ததா என்றே தெரியவில்லை. மேகம் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூட முற்றத்தில் கொடிக்கம்பம் இருந்தது. ஆனால் மூங்கில், மழையில் வளைந்துபோனது. நேராக நிற்கிற ஒன்று வேண்டும் என்று டோரா அம்மா ஊரைச் சுற்றி, கடைசியில் செல்லாயி அக்கா வீட்டு உலக்கையில் கண்ணை வைத்தார்.

"என்ர உலக்கையக் குழில எறக்கப் போறாங்களா? எதுக்குங்க சார்?"

"நிழல் பாக்கதுக்கு."

"நெழல்தான் உலக்கைக்கு எப்பவும் இருக்குதுங்களே."

"நாளைக்கும் இன்னைக்கும் இருக்காது. அதைத்தான் பாக்கணும்."

அக்கா என்னைப் பார்த்தார். "ஏன் சாமி, இல்லாததைப் பாக்கறதுக்கா இத்தனை தொலைவு வந்தாங்க? அவங்க ஊட்ல யாரும் கேக்கமாட்டாங்களா?" என்றார். ஆனாலும் உலக்கையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, உலக்கை இம்மியும் சாயாமல் நட்டோம். நடும்போதே மழை பிடித்தது. நண்பகல் ஆனது. பிள்ளைகள் வகுப்பு ஜன்னலில் தலையை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். டோரா அம்மா குடை பிடித்துக்கொண்டு உலக்கைக்குப் பக்கத்தில் நின்றார். குடையை உலக்கைக்குத்தான் பிடித்தார், மண் கரைந்து சாய்ந்துவிடக் கூடாதென்று. அவர் நனைந்தார். நான் போய், "வாங்கம்மா, உலக்கைக்குச் சளி புடிக்காது" என்று கையைக் காட்டினேன். அர்த்தம் புரிந்தமாதிரி தலையாட்டினார். ஆனால் வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, மறுபடி வகுப்புக்குப் போன பிறகுதான் வந்தார்.

அன்று சாயந்திரம் சாரிடம் சொல்லிவிட்டார்: நாளைக்கும் இப்படியே இருந்தால், பாடத்தை எடுத்துவிடச் சொல்லி அச்சகத்துக்குப் போன் செய்வார். "ஊகிச்சு எழுதலாமே, கணக்குத்தான் சரியா இருக்கேன்னு கேட்டேன்" என்றார் சார். "போன தடவையும் கணக்கு சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுதாங்க."

மூன்றாம் நாள் காலையும் பனிமூட்டம். நான் டீக்கடையில் வெல்லம் போட்ட கடுங்காப்பி குடித்தபடி வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக ஒரு பாடம் நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அத்தாவிடம் சொன்னால் நம்பமாட்டார்.

பதினொரு மணிவாக்கில் மேகம் பிய்ந்தது. முதலில் எதிர் மலையில் ஒரு மஞ்சள் திட்டு. அது இறங்கி, சாமை வயலைத் தாண்டி, பள்ளிக்கூட ஓட்டில் ஏறியது. பிள்ளைகள் "ஏ!" என்று கத்தியதில் ஆடு மிரண்டது. எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். உலக்கையைச் சுற்றி வட்டம்.

என் கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. உலக்கைக்கு நாலு விரல் நீளத்துக்கு நிழல் இருந்தது.

"இருக்குது!" என்றாள் பூங்கொடி. ஐந்தாம் வகுப்பு. அந்தச் சூரியன் பதிலை வகுப்புக்கே எழுதக் கொடுத்தவள் அவள்தான் என்று சார் ஏற்கெனவே காட்டியிருந்தார்.

டோரா அம்மா பொறுக்கச் சொன்னார். கடிகாரம் வேறு, சூரியன் வேறாம். கடிகாரத்து மணி எங்கோ கிழக்கே இருக்கிற ஊருக்கு. சூரியன் இங்கே வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்தக் கொஞ்ச நேரம்தான் பெரும் பாடாகிவிட்டது. செல்லாயி அக்கா சமையல் கொட்டகை வாசலில் நின்று கரண்டியால் அண்டாவைத் தட்டினார். "சோறு ஆறுது! தட்டை எடுத்தீட்டு வாங்க!" பொடியன்கள் நெளிந்தார்கள். சாம்பார் வாசம் வேறு. பாதிப் பேர் ஓடுவதற்கு ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார்கள். தெற்கேயிருந்து ஒரு பெரிய மேகம் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. சோறு ஆறுனா சுட வெச்சுக்கலாம். சூரியன ஆர் திருப்பி வெக்கறது?" என்று கத்தினேன்.

"நீங்க ஒருத்தர் வந்துட்டீங்க வக்காலத்துக்கு!" என்றபடி அவரும் கரண்டியோடு வட்டத்துக்குள் வந்துவிட்டார்.

நிழல் மூன்று விரலானது. இரண்டானது. ஒரு விரல். பிறகு உலக்கையின் அடியில் ஒரு கறுப்பு நூல். பிறகு அதுவும் மரத்துக்குள் போய்விட்டது.

உலக்கை நின்றது. வெயில் கொளுத்தியது. நிழல் இல்லை.

பூங்கொடிதான் முதலில் தன்னைக் குனிந்து பார்த்தாள். "எனக்கும் இல்ல!" எல்லோரும் குனிந்தோம். என் நிழல் என் செருப்புக்கடியில் ஒளிந்திருந்தது. சைக்கிளுக்குப் பக்கவாட்டில் நிழல் இல்லை, கிணற்றுச் சுவருக்கு இருபுறமும் இல்லை. எத்தனை ஆவணி நான் இந்த மலைக்கு ஏறி இறங்கியிருக்கிறேன்! ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. செல்லாயி அக்கா கரண்டியைச் செங்குத்தாகப் பிடித்து, தரையைப் பார்த்து, "அட சாமி" என்றார்.

டோரா அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து, உலக்கையின் அடியைச் சுற்றி உள்ளங்கையால் மண்ணைத் தடவினார். ஒரு பக்கம், மறு பக்கம். எங்கே தொட்டாலும் ஒரே சூடு. கணக்கில் மட்டும் பார்த்திருந்ததைக் கையால் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. வெயிலுக்காகவும் இருக்கலாம்.

மேகம் வந்து மூடியது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாப்பிட்ட பிறகு வகுப்பில் பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்கார வைத்து அவர் பேசினார். சார் திருப்பினார். "சூரியன் கிழக்கேதான் உதிக்குது. நீங்க எழுதுன பதில் தப்பு. ஆனா நீங்க செஞ்சதுல ஒண்ணும் தப்பில்ல. புத்தகத்துல இருக்கதுதான் தப்பு. அதை எழுதுனது நான். இங்க வந்து பாக்காம எழுதிட்டேன்."

பூங்கொடி எழுந்தாள். "சார், நாங்க தப்பா எழுதுனதுக்குப் பத்துத் தடவை எழுதச் சொன்னீங்கல்லங்க. 'சூரியன் கிழக்கே உதிக்கும்'னு."

"ஆமா. அதுக்கு?"

"அப்ப இவங்களும் எழுதோணுமில்லீங்களா?"

எட்வின் சார் முகம் வெளுத்துவிட்டது. "உக்காரு பிள்ள! பெரியவங்ககிட்ட என்ன பேச்சு?" இந்த ஒன்றை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை. டோரா அம்மா விடவில்லை. என்ன கேட்டாள், என்ன கேட்டாள் என்று துளைத்தெடுத்தார். வேறு வழியில்லாமல் சார் சொன்னார். அந்த அம்மாள் எழுந்து கரும்பலகைக்குப் போய், சாக்பீஸை எடுத்துக்கொண்டு, என்ன எழுத வேண்டும் என்று பூங்கொடியைக் கேட்டார்.

வகுப்பு கூடிப் பேசியது, சண்டை போட்டது, ஒரு வாக்கியத்துக்கு வந்தது. கொல்லிமலையில் நிழல் வடக்கேயும் விழும், தெற்கேயும் விழும், நடுவில் சில நாள் விழாமலும் இருக்கும். புத்தகத்திலும் இதேதான் வரும் என்று அவர் சொல்லி, இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார்.

பிள்ளைகள் கோரஸாக எண்ணினார்கள். "ஒண்ணு!" எழுத்து நேர்கோடாக, அச்சடித்த மாதிரி. நாலாவதில் கையை உதறிக்கொண்டார். ஆறாவதில் வரி கொஞ்சம் சரிந்தது. சார் பாதியிலேயே, "போதும் மேடம், ப்ளீஸ்" என்றார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழ் வரிகளை முட்டி போட்டு எழுதினார். கோடிப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதிய கை. நான் கதவோரம் நின்றேன். பள்ளிக்கூடத்தில் நான் ஓர் இடத்தில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"பத்து!"

அவர் எழுந்து, சாக்பீஸ் தூசி படிந்த கைகளை நீட்டிக் காட்டியபடி எட்வின் சாரைப் பார்த்தார். சார் பலகையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். இருபது வருஷப் பழக்கம். வாய் தானாகப் பேசிவிட்டது.

"ம். சரி. போய் உக்காரு."

சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். டோரா அம்மா என் பக்கம் திரும்பினார், என்ன சொன்னார் என்று கண்ணால் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

"சிட் டவுன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வந்தார். பூங்கொடி நகர்ந்து இடம் விட்டாள். அவர் மெதுவாக, ஒரு முட்டியை மடக்கி, பிறகு மற்றதை மடக்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, பலகையைப் பார்த்தார்.